குடியானவர் முடிவு செய்யும் முறையும் அதனை அளந்தறிந்த விதமும்

விதை, எரு, பூச்சி, நோய், நீர்ப்பாய்ச்சல் ஆகிய விஷயங்களைப் பற்றி இப்பத்திரிகையில் அடிக்கடி எழுதப்பட்டு வருகிறது. ஆனால் இவை யாவற்றிற்கும் முற்பட்டதாய், ஒவ்வொரு பட்டத்திலும் குடியானவருடைய மனத்திலே நடைபெறும் காரியம் ஒன்று உண்டு. எந்தப் பயிரை இடுவது, எவ்வளவு பரப்பில் இடுவது, அதற்குக் கடன் வாங்குவதா வேண்டாமா, மழையை நம்பி முன்னதாக விதைப்பதா அன்றிச் சற்றுப் பொறுத்திருப்பதா என்று அவர் செய்துகொள்ளும் தீர்மானமே அது. இத்தீர்மானம் எவ்விதம் பிறக்கிறது என்பதை அறிஞர்கள் ஆராய்ந்து, கணக்கிட்டு, அதற்கு ஒரு மாதிரி அமைப்பும் வகுத்திருக்கிறார்கள். அதனை நிலமுடையவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்துகொள்வது பிரயோஜனமுள்ளது.

சிறு குடியானவர் புதிய முறைகளைக் கைக்கொள்ளத் தயங்குகிறார் என்பது பல இடங்களிலும் கேட்கப்படும் பேச்சு. அதற்குக் காரணமாக, அவர் இயல்பாகவே அச்சமுடையவர் என்றும், பழமையில் ஊறியவர் என்றும், எடுத்துச் சொன்னாலும் விளங்கிக்கொள்ள மாட்டார் என்றும் சொல்லிவிடுகிறோம். பெருநிலக்காரரோ துணிச்சலுள்ளவர் என்று கருதப்படுகிறார். இது வெறும் பேச்சோடு நின்றுவிட்டால் கெடுதல் இல்லை. யாருடைய நிலத்தில் மாதிரிச் சாகுபடி வைப்பது, யாருக்கு முதலில் விதை கொடுப்பது, எவருடைய கடன் மனுவுக்குச் சிபார்சு செய்வது என்ற சமயங்களில் இவ்வபிப்பிராயமே முன்னின்று வேலை செய்கிறது. ஆகையால் அது மெய்தானா என்று பார்ப்பது அவசியமாகிறது.

இவ்விஷயத்தில் ஆதியான கணக்கு மிகவும் எளியது. நல்ல வருஷத்தில் கிடைக்கும் வருமானத்தையும், கெட்ட வருஷத்தில் கிடைப்பதையும், அவை எத்தனை தடவை நேரும் என்பதைக்கொண்டு சராசரி பார்த்து, எதன் சராசரி அதிகமோ அதனையே புத்தியுள்ளவர் தேர்ந்துகொள்வார் என்பது அக்கணக்கு. ஆனால் மனிதர் அவ்விதம் நடப்பதில்லை என்பது வெகு காலத்திற்கு முன்பே தெரிந்துபோயிற்று. 1738-ஆம் ஆண்டில் டானியல் பெர்னூலி என்ற கணித அறிஞர், ருஷியாவின் தலைநகராயிருந்த பீட்டர்ஸ்பர்க் நகரத்துக் கழகத்தின் வெளியீட்டில் இதற்கு ஒரு சமாதானம் எழுதினார். ஒரு தொகையின் பெறுமதி அத்தொகையில் மட்டும் இல்லை. அதைப் பெறுகிறவரிடம் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதையும் பொறுத்தது என்றார் அவர். லட்ச ரூபாய் உடையவருக்கு மேலும் ஆயிரம் வந்தால் அது ஒரு சௌகரியம். ஆயிரமே உடையவரிடமிருந்து அவ்வாயிரம் போய்விட்டால் குடும்பத்திற்கு உலை ஏறாது. ஆகவே சராசரி குறைந்தாலும் நிச்சயமானதை ஒருவர் நாடுவது அறியாமை அன்று. களஞ்சியத்தில் இருப்பதைப் பார்த்து விதை நெல்லைத் தனியாகக் கட்டி வைக்கும் நம்மவருக்கு இதை ஒரு பெர்னூலி வந்து சொல்லவேண்டியதில்லை. ஆயினும் கணக்காக எழுதிக் காட்டிய பெருமை அவரைச் சேரும்.

இனி, நமது நாட்டிலேயே நடைபெற்ற ஒரு பரீட்சையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஹைதராபாத்துக்கு அருகே பட்டன்செருவில் 1972-ஆம் ஆண்டில் மானாவாரிப் பிரதேசப் பயிர்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி நிலையமாகிய இக்ரிசாட் ஏற்பட்டது. அந்நிலையத்தார் 1975-ஆம் ஆண்டு முதல், மகபூப்நகர், சோலாப்பூர், அகோலா ஆகிய மூன்று ஜில்லாக்களில், ஜில்லாவுக்கு இரண்டு கிராமங்களாக ஆறு கிராமங்களைத் தேர்ந்து, கிராமத்துக்கு 40 குடும்பங்களாக 240 குடும்பங்களின் வரவு செலவு, சாகுபடி, கூலி, கடன் யாவற்றையும் தொடர்ந்து குறித்து வந்தார்கள். இந்த 40-இல் சிறு, நடுத்தர, பெரு நிலக்காரர்களும், நிலமே இல்லாத கூலிக்காரர்களும் அடங்குவர். மழையை நம்பிச் சோளமும் கம்பும் துவரையும் பருத்தியும் விளைகின்ற பிரதேசங்கள் இவை.

இக்குடும்பத்தாரிடம் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்ற பொருளாதார அறிஞர் ஒரு பரீட்சை நடத்தி, அதன் முடிவை 1980-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் முறை இது: ஒருவர் முன்னிலையில் சில ஏற்பாடுகள் எடுத்துரைக்கப்படும், அவற்றுள் ஒன்றை அவர் தேர்ந்துகொள்ள வேண்டும், பிறகு நாணயம் சுண்டப்படும். பூ விழுந்தால் ஒரு தொகை, தலை விழுந்தால் வேறொரு தொகை, ரொக்கமாகவே கையில் கொடுக்கப்படும். முதல் ஏற்பாட்டில் எது விழுந்தாலும் 50 ரூபாய் நிச்சயம். அடுத்ததில் 45 அல்லது 95. அதற்கடுத்ததில் 40 அல்லது 120. பின்னும் 30 அல்லது 150. அதற்கப்பால் 10 அல்லது 190. கடைசியில் ஒன்றுமே இல்லை, அல்லது 200. முதல் ஏற்பாட்டின் சராசரி 50 ரூபாய். பின் வருவனவற்றிற்கு முறையே 70, 80, 90, 100 என்று ஏறுகிறது. கடைசி ஏற்பாட்டிற்கும் 100-தான். மேலே ஏற ஏறச் சராசரி கூடுகிறது; கூடவே கெட்ட பக்கத்தில் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. எவரும் தம் கைப்பணத்தை இழப்பதற்கு இடமில்லாதபடி இது அமைக்கப்பட்டிருந்தது.

இதில் உள்ள யுக்தியைக் கவனிக்கவேண்டும். நிலத்தில் நாம் செய்யும் தேர்வில் மண், மழை, விலை, ஆள், மாடு என்று நூறு காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒருவர் பருத்தியை விட்டுச் சோளம் இட்டார் என்றால், அது அவர் மனத்தின் அச்சத்தாலா, அல்லது உரத்துக்குப் பணம் இல்லாமையாலா என்று வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. நாணயம் சுண்டும் இப்பரீட்சையிலோ ஏழைக்கும் தனவந்தருக்கும் முன்னே இருப்பவை அதே ஏற்பாடுகள்தாம். ஆகவே இங்கே வேற்றுமை தோன்றினால் அது மன இயல்பின் வேற்றுமை என்று கொள்ளலாம்.

முதலில் இவ்வேற்பாடு நிச்சயத் தொகை அரை ரூபாயாக, எல்லாத் தொகைகளும் அதே விகிதத்தில் குறைக்கப்பட்டு நடத்தப்பட்டது. பின்பு 5 ரூபாயாக, அதன்பின் மேலே சொன்ன 50 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 50 ரூபாய்ப் பரீட்சையில் கிடைக்கக்கூடிய பெருந்தொகை அக்காலத்தில் சாதாரணக் கூலியாள் ஒருவரின் ஒரு மாத வருமானத்திற்கு மேற்பட்டது. ஆகையால் இது விளையாட்டு என்று எவரும் எண்ணியிருக்க இயலாது.

கண்ட முடிவு என்ன? அரை ரூபாய் அளவில் மனிதர் பலவிதமாக நடந்துகொண்டார்கள். துணிந்து கடைசி ஏற்பாடுகளை எடுத்தவரும் பலர். தொகை பெரிதாக ஆக, ஏறத்தாழ எல்லாரும் நடுவிலுள்ள ஏற்பாடுகளை நோக்கி வந்து சேர்ந்தார்கள். அதாவது, நிச்சயத்தையே பிடித்துக்கொண்டு அசையாதவரும் சிலரே. எல்லாவற்றையும் ஒரு சுண்டலில் வைத்தவரும் சிலரே. மிதமான எச்சரிக்கையே பொது இயல்பாக இருந்தது. முக்கியமானது இனி வருவது: ஐசுவரியம் உள்ளவருக்கு எச்சரிக்கை சற்றே குறைவாகத் தோன்றினாலும், அவ்வேற்றுமை கணக்கில் எடுத்துக்கொள்ளத் தக்க அளவினதாக இல்லை. பெருநிலக்காரருக்கும் சிறு குடியானவருக்கும் துணிவின் அளவு பெரும்பாலும் ஒன்றாகவே காணப்பட்டது. முந்திய சுண்டல்களில் அதிர்ஷ்டம் வாய்த்தவர் அடுத்ததில் சிறிது கூடுதலாகத் துணிந்தார் என்பதும் தெரியவந்தது. இரண்டு நல்ல விளைவு கண்டவர் மூன்றாம் வருஷம் குத்தகைக்கு நிலம் தேடுவதை நாமும் கண்டிருக்கிறோம்.

ஆகவே, ஒரே ஊரில் ஒருவர் வீரிய ரகத்தை இட்டு உரமும் போடுகிறார், மற்றவர் போடவில்லை என்றால், அதற்கு மனத்தின் துணிவைக் காரணமாகச் சொல்லுவதற்கு ஆதாரம் போதாது. கடன் கிடைக்கும் வசதி, விற்பனை வசதி, உரமும் விதையும் வேளையில் வந்து சேருதல், யோசனை சொல்லுபவர் வாசல்வரை வருதல் ஆகியவற்றில் உள்ள வேற்றுமையையே தேடவேண்டும் என்பது பின்ஸ்வாங்கர் கண்ட முடிவு. சிபார்சு எழுதும் கை இதனை ஞாபகத்தில் வைத்திருத்தல் நலம்.

அதே ஆராய்ச்சியில் வேறொரு செய்தியும் வெளிப்பட்டது. அதனை உத்தியோகஸ்தர்கள் விசேஷமாகக் கவனிக்கவேண்டும். நாணயப் பரீட்சையோடு, வாய்மொழியாகக் கேள்வி கேட்டு ஒருவருடைய துணிவை அளக்கும் முறையும் அதே குடும்பங்களில் கையாளப்பட்டது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று சிறிதும் பொருந்தவில்லை. கேள்வி முறையில் வந்த விடைகள், கேட்டவர் யார் என்பதைப் பொறுத்து மாறின. கிராமச் சாவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “புதிய ரகம் போடுவீரா?” என்று கேட்டால், கேட்பவர் முகத்துக்கு ஏற்ற விடையே வரும். “போடலாமுங்க” என்ற சொல்லைப் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, விதை மூட்டைகள் கோடவுனில் கிடக்கும்போது குடியானவரைக் குறை கூறுவதில் பயன் இல்லை. சொன்ன சொல்லை அல்ல, சென்ற மூன்று பட்டங்களில் அவர் என்ன செய்தார் என்பதையே பார்க்கவேண்டும்.

நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டானியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு மனோதத்துவ அறிஞர்கள் 1979-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனிதர் லாபத்தையும் நஷ்டத்தையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை என்று காட்டினார்கள். ஒரு தொகையை இழப்பதில் உண்டாகும் வருத்தம், அதே தொகையைப் பெறுவதில் உண்டாகும் மகிழ்ச்சியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்று அவர்களுடைய பிற்கால அளவுகள் கூறுகின்றன. கானமனுக்கு 2002-ஆம் ஆண்டில் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது; ட்வெர்ஸ்கி அதற்கு முன்பே 1996-இல் காலமாகிவிட்டார். நமது வேலைக்கு இதிலிருந்து வருவது யாதெனில், “ஏக்கருக்கு இத்தனை மூட்டை கூடும்” என்று மட்டும் சொல்லுவது அரைச் செய்தியே என்பதுதான். மழை தவறினால் என்ன மிஞ்சும் என்ற கேள்வி கேட்பவர் நெஞ்சில் அதைவிடப் பலமாக நிற்கிறது; வாய் திறந்து கேட்காமல் இருந்தாலும் நிற்கிறது.

தீர்மானம் செய்யப்படும் காலமும் பெரிய விஷயம். இதற்கு நமது தமிழ்நாட்டிலேயே ஓர் ஆராய்ச்சி உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை ஜில்லாக்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்புச் சாகுபடிக்காரர்களை, ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷபீர், ஜியாயிங் ஜாவோ என்ற நால்வர் ஆராய்ந்து, 2013-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். கரும்புக்குப் பணம் வருஷத்தில் ஒரு தடவைதான் வருகிறது. வெட்டுக்கு முன்பு கை வறண்டு, நகை அடகுக்குப் போய், கடனும் ஏறியிருக்கும். வெட்டிப் பணம் பெற்றபின் அதே குடும்பம் சற்று மூச்சு விடும். ஆகவே ஒரே மனிதரை இரண்டு நிலையிலும் பார்க்க இப்பயிர் இடங்கொடுக்கிறது. ஆலைகள் எல்லாக் கரும்பையும் ஒரே சமயத்தில் அரைக்க இயலாமையால், வெட்டு உத்தரவு ஒருவருக்கு ஒரு மாதத்திலும் மற்றொருவருக்கு வேறு மாதத்திலும் வருகிறது. அதனால் பருவத்தின் காரணத்தையும் பணமுடையின் காரணத்தையும் பிரித்தறிய முடிந்தது.

வரிசையாய் அமைந்த வடிவங்களில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று அவர்களுக்கு வைக்கப்பட்டது. எழுத்தறிவு அதற்கு வேண்டியதில்லை. வெட்டுக்குப் பின் அதே மனிதர்கள் அதிகமான விடைகளைச் சரியாகக் கண்டார்கள். வெட்டுக்கு முன் குறைவாகவே கண்டார்கள். கவனத்தை அளக்கும் வேறொரு சோதனையிலும் வெட்டுக்கு முன் தாமதமும் பிழையும் கூடுதலாயிருந்தன. பணமுடையே மனத்தின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் காரியங்களுக்கு இடம் குறைத்துவிடுகிறது என்பது அவர்கள் கொண்ட கருத்து. இக்கணக்கிடும் முறையை ஆட்சேபித்த அறிஞர்களும் உண்டு. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016-இல் வெளியிடப்பட்ட வேறோர் ஆராய்ச்சியில் இத்தகைய வேற்றுமை காணப்படவில்லை. ஆகையால் இதனை முடிந்த முடிவாக வைத்துக்கொள்ளுதல் ஆகாது. ஆனாலும், கடன்காரர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நாளில் நீண்டகாலத் திட்டத்தைப் பற்றி ஒருவரிடம் பிரசங்கம் செய்வது வீண் என்பதற்கு, அனுபவமுள்ள எவருக்கும் வேறு சாட்சி வேண்டுவதில்லை.

இதே பொருளில், மேற்குக் கென்யாவில் மக்காச்சோளம் பயிரிடுவோரிடையே எஸ்தர் டுப்ளோ, மைக்கேல் கிரெமர், ஜோனதன் ராபின்ஸன் ஆகியோர் செய்து 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, செய்கைக்கு மிகவும் உதவுவது. உரம் லாபம் தரும் என்று அங்குள்ளவர்கள் அறிந்திருந்தார்கள். அடுத்த பட்டத்தில் போடுவோம் என்றும் சொன்னார்கள். போடும் காலத்தில் கையில் பணம் இல்லை. அறுவடையானவுடனே, பணம் கையில் உள்ளபோதே, சிறு சலுகையோடு உரத்துக்கு முன்பணம் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தபோது, உரம் போடுவோர் தொகை நன்றாகக் கூடியது. பட்டம் தொடங்கியபின் அதே பயனை உண்டாக்க, அதைவிட மிகப் பெரிய விலைக்குறைப்பு வேண்டியிருந்தது. களத்துமேட்டில் நெல் கிடக்கும்போது சொல்லப்படும் யோசனைக்கும், நாற்றுவிடும் வாரத்தில் சொல்லப்படும் யோசனைக்கும் உள்ள பேதம் இதுவே. கூட்டுறவுச் சங்கத்தை நடத்துகிறவர்கள் விதை, உரச் சந்தாக்களை எந்த மாதத்தில் சேகரிப்பது என்று தீர்மானிக்கையில் இதனை ஆலோசிக்கலாம்.

அமெரிக்காவில் அயோவா நாட்டுப்புறத்து இரு ஊர்களில் கலப்பின மக்காச்சோளம் பரவிய வரலாற்றை ரையன், கிராஸ் என்ற இருவர் 1943-இல் வெளியிட்டார்கள். 259 விவசாயிகளில் இருவர் தவிர மற்ற யாவரும் 1928 முதல் 1941 வரையில் அவ்விதையை மேற்கொண்டுவிட்டனர். வருஷந்தோறும் புதிதாக விலைகொடுத்து வாங்கவேண்டிய விதை அது. முதலில் செய்தி கொண்டுவந்தவர் விதை வியாபாரிகள். மனத்தை நிச்சயப்படுத்தியது பக்கத்து நிலத்துக்காரரின் சொல். தொடக்கத்தில் பெரும்பாலோர் தம் நிலத்தின் சிறு பகுதியிலேயே விதைத்துப் பார்த்தனர்.

சிறு பகுதியில் விதைத்துப் பார்ப்பது என்பது கணக்கிலும் சரியானதே. இதற்கு ஓர் உதாரணம் காட்டுவோம். கீழ்க்கண்ட தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. எந்த ஊரின் விளைச்சல் கணக்கும் அல்ல. ஒருவருக்கு 5 ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. அவர் ஊரில் 10 வருஷத்தில் 4 வருஷம் நல்ல மழை, 3 வருஷம் நடுத்தரம், 3 வருஷம் வறட்சி. சோளத்தோடு துவரை கலந்து விதைத்தால், செலவு போக ஏக்கருக்கு நல்ல வருஷத்தில் 9,000 ரூபாயும், நடுத்தரத்தில் 7,000 ரூபாயும், வறட்சியில் 2,000 ரூபாயும் நிற்கிறது. பருத்தியாயின் முறையே 24,000, 9,000. வறட்சியில் 8,000 நஷ்டம்.

பத்து வருஷச் சராசரி பார்த்தால், கலப்புச் சாகுபடிக்கு ஏக்கருக்கு 6,300 ரூபாய். பருத்திக்கு 9,900 ரூபாய். ஐந்து ஏக்கரிலும் பருத்தி இட்டால் சராசரி 49,500. முழுவதும் கலப்பாயின் 31,500. இவ்வளவோடு நிறுத்துகிறவர், பருத்தி இடாதவரை மூடர் என்று சொல்லிவிடுவார். ஆனால் முதல் வருஷமே வறட்சியானால் பருத்திக்காரருக்கு 40,000 ரூபாய் நஷ்டம். கையிருப்பு இல்லாதவர் அதை நூற்றுக்கு மாதம் 3 வட்டியில் வாங்கினால் வட்டி மட்டும் வருஷத்துக்கு 14,400. முதல் இரண்டு வருஷங்களில் ஒன்றாவது வறட்சியாயிருப்பது, மேற்கண்ட கணக்கின்படி 100-க்கு 51 பங்கு. நிலத்தை அடகு வைத்துவிட்டவருக்குப் பத்து வருஷச் சராசரி வந்து சேருவதில்லை. அது வருவதற்கு முன்பே அவர் ஆட்டத்தை விட்டு வெளியேற நேரும். சராசரிக் கணக்கு மறைக்கும் உண்மை இதுவே.

இனி, ஒரு ஏக்கரில் பருத்தியும் நான்கு ஏக்கரில் கலப்பும் வைத்துப் பார்ப்போம். நல்ல வருஷத்தில் 24,000-மும் 36,000-மும் சேர்ந்து 60,000. நடுத்தரத்தில் 9,000-மும் 28,000-மும் சேர்ந்து 37,000. வறட்சியில் பருத்தியின் 8,000 நஷ்டத்தைக் கலப்பின் 8,000 வரவு ஈடுசெய்து, கையை விட்டு ஒன்றும் போவதில்லை. பத்து வருஷச் சராசரி 35,100. முழுக் கலப்பைவிட 3,600 அதிகம். வறட்சி வருஷத்தில் வீட்டுச் செலவுக்குப் பால்மாடோ வேறு வருமானமோ உள்ளவருக்கு இது தக்க ஏற்பாடு; அதுவும் இல்லாதவர் அரை ஏக்கரோடு நிற்பதே உசிதம். மேற்சொன்ன ஆறு கிராமத்தார் நடு ஏற்பாடுகளைத் தேர்ந்துகொண்டதும் ஏறக்குறைய இத்தகைய கணக்கை மனத்திலே போட்டுத்தான்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று சொல்லிக் கணக்கையே ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அப்பழமொழி கூலி, வட்டி யாவும் கழித்துப் பார்ப்பவரின் பெருமூச்சேயன்றி, கணக்குப் பாராதே என்ற புத்திமதி அல்ல. மேலே காட்டிய கணக்குக்கு வேண்டியது ஒரு தாள். அதில் மழையின் மூன்று நிலைகளுக்கு மூன்று வரிசை. கருதும் பயிர்களுக்கு ஒவ்வொரு கட்டம். வறட்சி வரிசையை முதலில் நிரப்பிவிட்டுப் பிறகு மற்றவற்றை நிரப்பவேண்டும். நல்ல வருஷத்தின் தொகையை முதலில் எழுதினால் கண் அதிலேயே நின்றுவிடுகிறது. விளைவுத் தொகைகளைத் துண்டுப் பிரசுரத்திலிருந்து எடுக்காமல், சொந்தக் களத்தில் அளந்ததையும், அதே மண்ணுள்ள அண்டை நிலத்துக்காரர் அளந்ததையும் கொண்டு எழுதுக. மழை நிலைகள் பத்தில் எத்தனை என்பதை நினைவிலிருந்து எழுதினால், சென்ற வருஷத்து வறட்சியோ வெள்ளமோ கணக்கை இழுத்துவிடும். ஆதலால் அருகிலுள்ள மழைமானி நிலையத்தின் பத்து வருஷப் பதிவைக் கிராம உத்தியோகஸ்தர் ஒரு முறை பெற்று எழுதி, அறுவடை முடிந்த வாரத்தில் சாவடிச் சுவரில் ஒட்டி வைத்தால், ஊரார் யாவரும் தத்தம் தாளில் அதனைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.